எந்த மாநிலத்து டாக்டர்

அந்த வாரம் ரெஜினாவின் பெயர் எந்த மாநிலத்தின் மருத்துவர் பட்டியலிலும் இல்லை.

ஹைதராபாத்தில் வருஷக்கணக்காக இருந்த பெயர்தான். அவளே கேட்டு எடுத்துவிட்டாள். ஒரு மாநிலத்தில் பதிந்த டாக்டர் இன்னொரு மாநிலத்துக்குப் போய் வைத்தியம் பார்க்க வேண்டுமானால், பழைய மாநிலத்து மருத்துவக் கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கி வந்து புதிய கவுன்சிலிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் சரிபார்த்துப் புது எண் கொடுத்த பிறகுதான் நாடி பிடிக்கலாம். பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று, புது வீட்டுச் சாவி இன்னும் கையில் வரவில்லை என்கிற மாதிரி இருந்தது அவள் நிலைமை.

"மூணு மாச வேலைக்கா இவ்வளவு?" என்று ஹைதராபாத் தோழி சகுந்தலா போனில் கேட்டாள். "திரும்பி வரும்போது அங்கேர்ந்து மறுபடியும் சான்று வாங்கணும், இங்கே மறுபடியும் பதியணும். யோசிச்சுதான் பண்றியா?"

யோசிக்கவெல்லாம் இல்லை. சும்மா உட்கார முடியாமல் செய்தது.

அம்மா ஜெசிந்தாவுக்கு மார்பில் கட்டி எடுத்து, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கீமோ நடந்துகொண்டிருந்தது. ஹைதராபாத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் ரெஜினா முதலில் நினைத்தாள். ஜெசிந்தா அசையவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கேண்டீனில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சாம்பார் கொதிக்க வைத்தவள் அவள். யார் அதட்டலுக்கும் பழக்கப்பட்டவள் இல்லை.

"அந்த ஊர்ல எனக்கு இன்னா தெரியும்? நர்ஸம்மாகிட்ட வலிக்குதுன்னு சொல்றதுக்குக்கூட ஒராளத் தேடணும். இங்கயே பாத்துக்கறேன். நீ வேணா வா."

ரெஜினா நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்த முதல் வாரத்திலேயே அரிசி டப்பாவைக் கவிழ்த்துப் புடைத்தாள், எரியாத டியூப் லைட்டை மாற்றினாள், பரணைத் துடைத்தாள். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"ஏண்டி, என் ரத்தத்த எத்தினி வாட்டி படிப்ப?" என்று ஜெசிந்தா அந்த ஃபைலைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "வெளிய எங்கனா வேலைக்குப் போ. உன்னப் பாத்தா எனக்குப் பேஜாரா கீது."

அப்படித்தான் டாக்டர் தமிழ்வாணனின் ஆஸ்பத்திரி கிடைத்தது. மாமல்லபுரம் தாண்டி, ஈ.சி.ஆரில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெருவில் பத்துப் படுக்கை போட்ட சின்ன ஆஸ்பத்திரி. அவரும் அவர் மகள் வைஷாலியும்தான் டாக்டர்கள். வைஷாலிக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வரும்வரை, மூன்று மாதத்துக்கு ஒரு டாக்டர் தேவைப்பட்டது. அம்மாவுக்கு கீமோ இல்லாத நாட்களில் வந்தால் போதும் என்றார்கள். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரெஜினா மறுநாளே போய் நின்றாள்.

ஆனால் புது எண் வருவதற்கு அப்பாவின் பெயர் குறுக்கே நின்றது. பள்ளிச் சான்றிதழில் அவள் ஈ. ரெஜினா. திருச்சபையின் உதவியில் தெலங்கானாவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது, ஏசுபாதம் என்ற அப்பா பெயரை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வாயில் வந்தபடி யேசுபாதம் என்று எழுத, பட்டத்தில் ஒய். ரெஜினா ஆகிவிட்டாள். அந்த ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. இங்கே வந்ததும் ஈயும் ஒய்யும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழுந்தது. படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்து, பிறகு ரயில்வேயில் கலாசி வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்ற மறுவருஷமே போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர், இப்போது காகிதத்தில் இரண்டு பேராகி நின்றார். ரெஜினா நோட்டரியிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கி அனுப்பினாள். அதற்குப் பிறகு கவுன்சிலின் இணையப் பக்கத்தைத் திறந்தால் 'பரிசீலனையில்' என்ற ஒரே வார்த்தைதான். சிக்னலில் வண்டி நின்றால் பார்ப்பாள். குக்கர் விசில் வருவதற்குள் பார்ப்பாள்.

தமிழ்வாணன் பொறுமைசாலி இல்லை. நல்ல உயரம், கனத்த குரல், அறுபதைத் தாண்டியும் படியை இரண்டிரண்டாக ஏறுகிற மனிதர்.

"நீங்க பாருங்க டாக்டர். மருந்துச் சீட்டுல நான் கையெழுத்துப் போட்டுக்கறேன். நாளைக்கோ நாளன்னிக்கோ நம்பர் வந்துடப் போகுது. அதுக்குள்ள யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நம்பர் வரட்டும் சார்."

"எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்குன்னு சொல்றேன்."

"எனக்கும் இருக்கு சார். ஆனா நான் எழுதறதுக்குக் கீழ உங்க பேரு இருந்தா அது பொய்தானே?"

அவர் முகம் சுருங்கியது. "சரி, பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டாவது இருங்க. இடமாச்சும் பழகும்."

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ரெஜினாவுக்கு வீட்டில் இருப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. வீங்கிய காலோடு வைஷாலி ஒவ்வொரு நோயாளிக்கும் எழுந்து எழுந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார முடியவில்லை. எழுந்து போய் அவசர மருந்துகள் வைக்கும் தள்ளுவண்டியைத் திறந்து காலாவதியான மருந்துகளைப் பொறுக்கி எடுத்தாள். ஆக்சிஜன் சிலிண்டரின் அளவுமானி முள்ளைத் தட்டிப் பார்த்தாள். ஊசி டப்பாக்களை அளவுவாரியாக அடுக்கினாள்.

"மேடம், கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள் நர்ஸ் சிநேகா. "உங்களப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது."

வைஷாலிக்கு ரத்த அழுத்தம் ஏறி, படுத்தே இருக்க வேண்டும் என்று அவள் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தமிழ்வாணன் ஒண்டியாகத்தான் பார்த்தார். அப்படி ஒரு நாளில் மதுராந்தகத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வாசலில் 'டாக்டர் மாலையில் வருவார்' என்று பலகையைத் தொங்கவிட்டுவிட்டுக் கிளம்பினார். கிளம்புமுன் தன் பெயர் அச்சிட்ட வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்தார்.  ரெஜினா பார்க்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். மதியமானதும் ரெஜினாவும் வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது.

தலைமுடியிலும் புருவத்திலும் கல் தூசி படிந்த ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். அவன் பூபாலன், சிற்பக்கூடத்தில் கல் அறுக்கிறவன். தூக்கி வந்தது மனைவி அன்பரசி. உடம்பில் இன்னும் ஓட்டல் சீருடை இருந்தது.

"வவுத்து வலின்னு காலைலேர்ந்தே சொல்லிகினு இருந்துச்சு. ரூம்ல பெட்ஷீட் மாத்திகினு இருக்க சொல்ல அப்டியே சாஞ்சிடுச்சாம். டாக்டரு எங்க?"

"டாக்டர் இல்லண்ணா, நீங்க பெரியாஸ்பத்திரிக்கு—" என்று சிநேகா ஆரம்பித்தாள்.

ரெஜினாவின் பை தரையில் கிடந்தது. அவள் அன்பரசியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நாடி நூலாக ஓடியது. கண் இமையை விலக்கினால் உள்ளே வெளுத்துப்போயிருந்தது.

"நாள் தள்ளிப் போயிருக்காம்மா?"

"கொஞ்சம்... தள்ளிக் கீது. அப்பால லேசா ரத்தம் பட்டுச்சு."

"தோள்பட்டை வலிக்குதா?"

அன்பரசி கண்ணைத் திறந்தாள். "ஆமா... எப்டித் தெரியும்?"

வயிற்றில் கைவைத்ததும் அவள் அலறினாள். ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்திருக்கிறது. ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கிறது, தோள் வலியும் அதனால்தான். கத்தி வைத்தால்தான் நிற்கும். அதற்கு இங்கே வசதி இல்லை. செங்கல்பட்டில் இருக்கிறது, போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்க வேண்டும்.

நான் இப்போது யார் என்று ஒரு கேள்வி மனதுக்குள் எட்டிப் பார்த்தது. கை அதற்காகக் காத்திருக்கவில்லை.

"சிநேகா, பெரிய ஊசி ரெண்டு. ரெண்டு கையிலயும் லைன் போடறோம். அண்ணா, நீங்க நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நான் பேசறேன்."

சலைன் இறங்கத் தொடங்கியது. சிநேகா சிறுநீர்ச் சோதனைப் பட்டையைத் தூக்கிக் காட்டினாள், இரண்டு கோடு. தமிழ்வாணனுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை, மயானத்தில் இருந்திருப்பார். ரெஜினா செங்கல்பட்டுப் பிரசவ வார்டைப் பிடித்து, வயது, நாடி, அழுத்தம், செய்தது எல்லாம் சொல்லி, ரத்தமும் அறுவை அறையும் தயாராக இருக்கட்டும் என்றாள்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டபோது சிநேகா மேசையில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"மேடம், கூட அனுப்பறதுக்குச் சீட்டு. இதுல சார் கையெழுத்து ஏற்கெனவே இருக்கு. அப்டியே எழுதிடுங்க."

ரெஜினா அதை வாங்கினாள். அதில் எழுதிவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. ஆனால் அங்கே இருக்கும் டாக்டருக்குச் சந்தேகம் வந்து போன் பண்ணினால் மயானத்தில் இருக்கும் மனிதருக்கு என்ன தெரியும்? அன்பரசியைத் தொட்டவள் நான். என்னிடம்தான் கேட்க வேண்டும். அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து, பார்த்ததையும் செய்ததையும் எழுதினாள். கீழே தன் பெயர், போன் நம்பர், பழைய பதிவு எண். அதற்கும் கீழே, 'தடையில்லாச் சான்று பெற்றாயிற்று. தமிழ்நாட்டில் பதிவு இன்னும் ஆகவில்லை.'

அவளும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அன்பரசி முனகிக்கொண்டிருந்தாள். அப்புறம் முனகலும் குறைந்தது.

"பொழைச்சிக்குமா டாக்டரம்மா?" என்றான் பூபாலன்.

"பேசிக்கிட்டே வாங்க அவங்ககிட்ட. தூங்க விடாதீங்க."

அவனுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "இந்தாம்மே, தோ பாரு, அன்பு... கேஸ் சிலிண்டரு புக் பண்ட்டேன்... நாளிக்கு வந்துரும்..." என்று அழுகையோடு எதை எதையோ சொல்லிக்கொண்டு வந்தான். அன்பரசியின் உதடு அசைந்தது.

செங்கல்பட்டில் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே காத்திருந்தது. பிரசவ வார்டு டாக்டர் தாளை வாங்கி வேகமாகப் படித்தாள். கடைசி வரியில் பார்வை நின்றது. நிமிர்ந்து ரெஜினாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, "உள்ள எடுங்க" என்றாள்.

ஒரு குழாய் போயிற்று. அன்பரசி பிழைத்தாள்.

பஸ் பிடித்து ரெஜினா மாமல்லபுரம் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தமிழ்வாணன் குளித்த ஈரத் தலையோடு அறையில் நின்றுகொண்டிருந்தார். சிநேகா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க. நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா மேசை மேல என் சீட்டு இருந்துச்சே டாக்டர்?"

"இருந்துச்சு சார்."

"என் ஆஸ்பத்திரியில டாக்டரே இல்லன்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிட்டீங்க."

"நான் இருந்தேனே சார்."

"இன்னிக்கு நீங்க டாக்டர்னு எந்தச் சட்டம் சொல்லுது?"



அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, போனது போகட்டும். இங்க இருக்கற கேஸ் ஷீட்டையாவது என் பேர்ல எழுதிடுங்க. நான் போன்ல சொன்னேன், நீங்க உதவி பண்ணீங்க. அவ்வளவுதான். உங்களுக்கும் அதான் நல்லது. இது கவுன்சில் காதுக்குப் போனா உங்க நம்பர் வரும்னு நினைக்கறீங்களா?"

"நீங்க போன எடுக்கல சார்."

"அது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"சிநேகாவுக்குத் தெரியும். அந்தப் பொண்ணு புருஷனுக்குத் தெரியும். நான் எழுத மாட்டேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப நாளைலேர்ந்து வர வேணாம்."

வீட்டுக்கு வந்தும் ரெஜினாவால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். ஜெசிந்தா துண்டு கட்டிய தலையோடு கட்டிலில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டு வாங்கினாள்.

"நீ பண்ணது தப்பா?"

"தெரியலம்மா. தப்புன்னு சொன்னா தப்புதான்."

"அந்தப் பொண்ணு உசுரோட கீதா?"

"இருக்கு."

"அப்பறம் இன்னாத்துக்கு வூட்டுக்குள்ள கவாத்து பண்ற? உக்காரு. எனக்குத் தல சுத்துது."

உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து, அசல் சான்றிதழ்களோடு நேரில் வரச்சொல்லிக் கவுன்சிலில் இருந்து செய்தி வந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறியதில் இருந்து ஒரே சிந்தனைதான். சொல்வதா, விடுவதா? அவர்களாகக் கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. வண்டலூர் வரும்போது அப்படி முடிவு செய்தாள். தாம்பரத்தில் அது தப்பு என்று தோன்றியது. கிண்டி வருவதற்குள் மறுபடி மாறியது.

சரிபார்த்த அதிகாரி சாரதாம்பாள் என்ற அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஈயும் ஒய்யும் வந்த இடத்தில் நிறுத்தி, பிரமாணப் பத்திரத்தைப் படித்து, "அப்பா ஒருத்தர்தானே?" என்று லேசாகச் சிரித்தார். ரெஜினாவும் சிரித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவர் பேனாவைத் திறந்துகொண்டே, வழக்கமாகக் கேட்பது போல, நிமிராமல் கேட்டார்.

"இங்க பிராக்டிஸ் எதுவும் ஆரம்பிக்கலையே?"

"ஒரு பேஷண்ட்டைப் பாத்தேன் மேடம்."

பேனா நின்றது.

ரெஜினா சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே வேகமாகக் கேட்டது.  முடித்ததும் சாரதாம்பாள், "அந்த டாக்டர் நம்பர் குடுங்க" என்றார். மேசைமேலிருந்த போனில் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினார்.

தமிழ்வாணனின் கனத்த குரல் அந்த அறைக்குள் கேட்டதும் ரெஜினா மேசையில் கிடந்த தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். எனக்கு எதுவும் தெரியாது, அந்தம்மா என்னைக் கேட்காமல் செய்தது என்று சொல்லப்போகிறார். சொன்னால் அதையும் பொய் என்று சொல்ல முடியாது.

சாரதாம்பாள் தான் யாரென்று சொல்லி, விஷயத்தைக் கேட்டார்.  

"நான் அன்னிக்கு ஊர்ல இல்ல மேடம்" என்றது குரல். "போன் வந்திருக்கு, எடுக்கல. அந்தப் பொண்ணக் காப்பாத்தினது டாக்டர் ரெஜினாதான். நம்பர் வர்றதுக்கு முன்னால பேஷண்ட் பாக்கச் சொல்லி நான்தான் கேட்டேன், அவங்க பாக்கல. அன்னிக்கும் என் கையெழுத்துல எழுதுங்கன்னு... வெத்து சீட்டு வச்சுட்டுப் போனேன். அவங்க அதத் தொடல."

"வெற்றுச் சீட்டுல கையெழுத்துப் போட்டு வச்சீங்களா டாக்டர்?"

"ஆமா மேடம்."

சாரதாம்பாள் எழுதிக்கொண்டார். போனை வைத்துவிட்டு ரெஜினாவிடம், "நடந்ததை அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மேலதிகாரிகிட்ட வைக்கறேன். என்ன முடிவாகும்னு நான் சொல்ல முடியாது" என்றார். அந்தக் குரலில் இருந்து எதையும் ஊகிக்க முடியவில்லை.

பிறகு வந்த நாட்கள் முன்பைவிட மோசமாக நகர்ந்தன. ஹைதராபாத்துக்குப் போன் போட்டு, வேலை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறது, ஆனால் இந்தப் பதிவு முடியாமல் அங்கேயும் பதிய முடியாது. இங்கே மறுத்துவிட்டால் அங்கே என்ன கேள்வி கேட்பார்கள்? எதிரில் இருந்த சுவரைப் பார்த்தாள், அதற்கும் வெள்ளையடித்தால் என்ன என்று தோன்றியது.

கீமோ முடிந்த மறுநாள் காலை ஜெசிந்தா பேசினில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் மினுங்கியது. ரெஜினா அம்மாவின் முதுகைத் தடவிவிட்டு, வாய் துடைத்துப் படுக்கவைத்து, பேசினைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தாள். எண் வந்திருந்தது. கூடவே, பதிவு முடியும்வரை காத்திருக்காதது குறித்து ஒரு எச்சரிக்கையும் இருந்தது. அவசரநிலையைக் கருதி மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"இன்னா, பாஸா?" என்றாள் ஜெசிந்தா கண்ணை மூடியபடியே.

"பாஸ்மா. திட்டிட்டுப் பாஸ் போட்டிருக்காங்க."

அன்று சாயங்காலமே தமிழ்வாணன் கூப்பிட்டார்.

"உங்களுக்கு வந்துடுச்சுன்னு நினைக்கறேன். எனக்கும் வந்துடுச்சு, நோட்டீஸ். விளக்கம் கேட்டிருக்காங்க."

"ஏன் சார் சொன்னீங்க? எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பையன் பூபாலன் வந்தான். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளு, கவுன்சில் போன் வர்றதுக்கு முன்னாடி. வெளிய போர்டுல என் பேருதானே இருக்கு, உங்க ஆஸ்பத்திரி இல்லன்னா என் பொண்டாட்டி இல்லன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழறான். எவ்வளவு இழுத்தும் விட மாட்டேங்கறான். நான் அன்னிக்கு ஊர்லயே இல்லப்பான்னு சொல்ல வாய் வரல டாக்டர். அவன் போனதுக்கப்புறம் சாப்பாடே இறங்கல." பிறகு பேச்சை மாற்றினார். "வைஷாலிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டிருக்கேன். நீங்க வர்றீங்களா?"

"வர்றேன் சார். மேசை மேல சீட்டு எதுவும் இருக்கக் கூடாது."

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

மறுநாள் காலை ரெஜினா போனபோது தமிழ்வாணன் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்காக உள்ளறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. முதலில் வந்தவர் கரையில் இருந்து நேராக வந்த மீனவர். தூண்டில் முள் கட்டைவிரலுக்குள் ஏறியிருந்தது. ரெஜினா மரத்துப்போகும் ஊசி போட்டு, முள்ளை முன்பக்கமாகத் தள்ளி, முனையை வெட்டி வெளியே எடுத்தாள். அவர் வலியை மறக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது டாக்டரா நீ? எத்தினி நாளிக்கு கீற?"

"மூணு மாசம்."

"அப்பால எங்க போவ?"

அப்புறம் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவுக்கு இன்னும் கீமோ பாக்கி இருந்தது, அந்தப் பக்கம் ஹைதராபாத் காத்திருந்தது, திரும்பிப் போவதென்றால் மறுபடியும் முதலில் இருந்து. காயத்தில் மருந்து வைத்துக் கட்டுப் போடத் தொடங்கினாள்.

"கைய ஆட்டாதீங்க" என்றாள்.